அட்டைக்கேற்ற நிறம்

பாரிஸ் ஃபேஷன் பத்திரிகையின் ‘கறுப்பு அழகு’ சிறப்பிதழ். அட்டைப்பட மாடலுக்கு ஒப்பனை செய்ய வந்திருந்த கறுப்பினப் பெண் நதேஜ், பூச்சு டப்பாக்களை மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள். கறுப்பு முகங்களுக்குப் பொருந்தாத பூச்சைப் பூசி, சாம்பல் நிறமாக்கி அனுப்பும் ஊர் இது. இன்று தன் கையாலேயே அது நடந்துவிட்டால்?

“நிறம் சரியா அமையலன்னா, சார்?”

“அடுத்த இதழுக்கு வேற ஆளு!” என்று சிரித்தார் ஆசிரியர் எட்வார். “பயப்படாதீங்க நதேஜ், சரித்திரம் படைக்கிறோம்!”

குளிருக்கு முகம் மறையச் சால்வை சுற்றிய மாடல் வந்து உட்கார்ந்தாள். மேசைமேலிருந்த பூச்சைக் காட்டிக் கேட்டாள்.

“மேடம், இது குளிச்சா போயிடும்ல?”

சால்வை விலகியது. பால் வெள்ளை முகம், பொன்னிறக் கூந்தல்.

ஆசிரியர் நதேஜின் கையைப் பிடித்து அந்தக் கன்னத்தோடு ஒட்டிவைத்தார்.

“அச்சு அசலா உங்க கையோட இதே நிறம் வரணும். இந்த நிறத்துல ஒரு பொண்ணு வேணும்னா நான் எங்க போய்த் தேடுறது, சொல்லுங்க!”