ரோசி கல்யாணத்துப் பீப்பாய்

ஜவ்வாது மலையின் சாயங்கால வெயில் ஓட்டுச் சந்து வழியே இறங்கி, மூலையில் படுத்திருக்கும் மரப் பீப்பாயின் வயிற்றைத் தடவுகிறது. பெங்களூர் பீர் ஃபேக்டரியில் வேலை பார்த்த அமலநாதன், மகள் ரோசியின் கல்யாணத்துக்கென்று சாமையில் காய்ச்சிய கெட்டி பீரை ஒரு வருஷமாக அதில் ஊற வைத்திருக்கிறான். நாளைக்குக் கல்யாணம். பீர் பழுத்ததா, கெட்டதா என்று அவனால் ருசி பார்க்க முடியாது. ரோசிக்கு வரன் அமைந்தால் குடியைத் தொடுவதில்லை என்று வேளாங்கண்ணி மாதாவுக்குப் பொருத்தனை. அதனால், பெரிய நாக்குக்காரன் என்று என்னைப் பற்றி நானே பரப்பியதை நம்பி அழைத்திருக்கிறான். சளியில் என் மூக்கு அடைத்துக் கிடப்பதை நான் சொல்லவில்லை. பலகைமேல் ஒரு டம்ளரில் பழுப்பாக இருப்பதை எடுத்து, வாயில் உருட்டி, கண்ணை மூடி, "வெல்லம் தெரியுது, மர வாசன தெரியுது. மாப்ள வூட்டுக்காரங்க சொக்கிப் போய்டுவாங்க" என்கிறேன். அமலநாதன் சிலுவை போட்டுக்கொள்கிறான். அவன் மனைவி மதலேனாள் முந்தானையால் வாயைப் பொத்துகிறாள். "இன்னாண்ணா நீங்க! அது பீப்பாயோட மரக் கொழாய் கழுவுன தண்ணிங்க. பீப்பாயே இன்னும் தெறக்கல." "நீ சும்மா இரு. மரத்தத் தொட்ட தண்ணிலயே வாசன புடிச்சிட்டாரு பாரு!" என்று அவளை அதட்டும் அமலநாதன், பீப்பாயைத் திறந்து, நுரை பொங்கும் டம்ளரை இரண்டு கையாலும் நீட்டுகிறான். "சொல்லுங்கண்ணா. கெட்டிருந்தா இப்பவே கீழ ஊத்திடறேன்." குடிக்கிறேன். அடைத்த மூக்குக்கு இதுவும் தண்ணீராகத்தான் இருக்கிறது. காது மட்டும் சுடுகிறது. "நீயும் ஒரு வாய் பாரும்மா" என்று டம்ளரை மதலேனாளிடம் தள்ளுகிறேன். அவள் மெல்லக் குடித்து, என் மூக்கை ஒரு நொடி பார்த்து, "அண்ணா சொன்னதுதான். வெல்லம்" என்கிறாள். "பாத்தியா!" என்று அமலநாதன் என் தோளைத் தட்டுகிறான். நானோ, குழாய் கழுவிய தண்ணீர் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.