பாட்டின் இரண்டாவது வரி

மூன்றாவது முறையாகக் கேட்டான். ஒன்றும் பிடிபடவில்லை.

கையில் சாப்பாட்டுத் தட்டு. காதில் ஒயர். முன்னால் நாற்பது பேர். எல்லோருடைய சட்டையிலும் வெல்டிங் பொறி பட்ட ஓட்டைகள்.

கொரியாவின் தெற்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளம். அதன் கேண்டீன். சனிக்கிழமை மதியம்.

பாட்டு நேற்றுத்தான் வெளியாகியிருந்தது. முதலில் வீணை மாதிரி ஒன்று. ஆனால் வீணை இல்லை, அந்த நாட்டுப் பழைய தந்தி வாத்தியம். சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு மூங்கில் குழல். அது மூச்சு விடுவதற்குள் உடுக்கைக்கு அண்ணன் போல ஒரு மேளம். அதன் மேல் ஏறிக்கொண்டு இந்தக் காலத்துத் துள்ளல்.

ஒரு பெண் பாடினாள். தட்டைப் பிடித்திருந்த அவன் விரல்கள் தாமாகவே தாளம் போட்டன.

இன்று காலை அனுப்பியவள் பியூலா. அவன் மனைவி. சாயர்புரத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

கூடவே ஒரு செய்தி. "ரெண்டாவது வரிக்கு என்ன அர்த்தம்? சொல்லுங்க பாப்போம்."

கல்யாணமாகி மூன்று வருடம். அதில் இரண்டு வருடம் அவன் இங்கே.

தினமும் பேசுவார்கள்.

சாப்டாச்சா. சாப்டாச்சு. அங்க மழையா. இல்ல. வேற? வேற ஒண்ணுமில்ல.

செவ்வாய்க்கிழமை அவள் அந்த "வேற"வைக் கேட்காமலே போனை வைத்துவிட்டாள்.

ரத்தினபாலுக்கு அது நான்கு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

இன்று அவளாக ஒன்று கேட்டிருக்கிறாள்.

லீவில் போனபோது, "கொரியன் பாஷையா? தண்ணி பட்ட பாடு" என்று மாமனார் வீட்டில் அளந்துவிட்டு வந்தவன் அவன்தான்.

அவனுக்குத் தெரிந்த கொரியன் இவ்வளவு: பிடி. தூக்கு. தீ. பார்த்து. இன்னும் கொஞ்சம் சோறு.

இதில் ஒன்றுகூட அந்தப் பாட்டில் இல்லை.

வரிசை நகர்ந்தது. சூப் ஊற்றும் அம்மாளின் முன்னால் வந்து நின்றான். ஐம்பது வயதிருக்கும். சித்தி என்று அர்த்தம் வரும்படி எல்லோரும் அவளை 'இமோ' என்பார்கள். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவன் தட்டை நீட்டவில்லை. போனை நீட்டினான்.

ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சத்தமாக வைத்தான். இரண்டாவது வரி வந்ததும் காதைத் தொட்டுக்காட்டி, இரண்டு கைகளையும் விரித்தான். என்ன இது?

இமோவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சூப் சொட்டியது.

அவள் கேட்டாள். இன்னொரு முறை வைக்கச் சொன்னாள். பிறகு கூடவே முணுமுணுத்தாள்.

பின்னாலிருந்து எசக்கி கத்தினான். ரத்தினபாலின் அறைத் தோழன்; கோவில்பட்டிக்காரன். "ஏல, பாட்டக் குடிக்கவா போற? பசிக்குல!"

இமோ அவனைக் கரண்டியாலேயே அடக்கினாள்.

அதே கரண்டியால் தலைக்கு மேலே ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

நிலா.

மேசை விளிம்பில் இரண்டு விரல்களை நடக்கவிட்டாள்.

யாரோ வருகிறார்கள்.

உள்ளங்கையை உயர்த்தி, வட்டம் போட்ட இடத்தில் நிறுத்தினாள். கடைசியில் அந்தக் கையை நெஞ்சில் வைத்து, அப்படியே நின்றாள். அசையவில்லை.



ரத்தினபால் ஒதுங்கிப் போய்ச் சுவரோரம் நின்று போன் போட்டான்.

"என்ன, தெரிஞ்சிட்டா?" என்றாள் பியூலா.

"ம்."

"சொல்லுங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். தமிழ் தெரிந்த ஆறு பேர் தட்டோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"நீ வார வழியில... நெலாவ நிப்பாட்டி வச்சிருக்கேன்."

"ம்."

"நீ மெதுவா வா. நான் எங்கயும் போவல."

காது இரண்டும் சுட்டன. இப்படி ஒரு வாக்கியத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணத்தன்று பாதிரியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னது வேறு கணக்கு.



"கேக்கல," என்றாள். "குக்கர் சத்தம். இன்னொரு தடவ சொல்லுங்க."

அவனுக்குக் குக்கர் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

சொன்னான். இந்த முறை உரக்க. ஆறு பேரும் தட்டில் கரண்டியால் தட்டினார்கள். என்னவென்று தெரியாமலே கொரியாக்காரர்களும் தட்டினார்கள். எசக்கி விசிலடித்தான்.

"நிப்பாட்டி இல்ல," என்றாள் பியூலா. "ஏத்தி. விளக்கு மாதிரி ஏத்தி வச்சிருக்கேன்னு வருது. பாட்டுக்குக் கீழயே தமிழ்ல போட்டிருக்கான்லா."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். காலையிலிருந்து கேட்டிருக்கிறான். ஒரு முறைகூடப் படத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப ஒனக்கு நேத்தே தெரியுமா?"

சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது. முழுதாக அடங்கவில்லை.

"அது கெடக்கட்டும்," என்றாள். "மூணாவது வரி?"

இமோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியைத் தூக்கி, அடுத்ததற்கும் தயார் என்று காட்டினாள்.

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

சுவரில் சாய்ந்துகொண்டான். தொண்டையைச் செருமினான்.

"மூணாவது வரி..." என்று தொடங்கினான். "அது பாட்டுல இல்ல."