வேர் பிடித்த கன்றுகள்

காயல்கரையில் நிழல் தந்த இரண்டு புன்னை மரங்களையும் வெட்டிவிட்டார்கள். ரிசார்ட்டுக்கு வழி வேண்டுமாம். ஊர்க்காரர்கள் பஞ்சாயத்து ஓவர்சியர் அபிலாஷைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எல்லாம் சட்டப்படிதான். ஒரு மரம் வெட்டினா மூணு கன்னு நடணும். ஆறும் நட்டாச்சு, பாருங்க” என்று கரையோரத்தைக் காட்டினான் அபிலாஷ்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீது முன்னே வந்தாள். கோபத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

“எப்ப நட்டது, சாரே?”

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “போன மாசம். வேர் பிடிச்சாச்சு.”

நீது குனிந்து ஒரு கன்றை இழுத்தாள். பூந்தொட்டி வடிவத்தில் மண்ணோடு அப்படியே எழுந்து வந்தது.

“கள்ளத்தனம்!” என்று கூட்டம் கொதித்தது.

“பஞ்சாயத்துக் கன்னைப் பிடுங்கினா கேஸ் ஆகும், கேட்டோ” என்றான் அபிலாஷ்.

“போடுங்க கேஸு! ஸ்டேஷன்ல வந்து நானே சொல்றேன்.” நீது கன்றை மார்போடு அணைத்துக்கொண்டாள். “இது நம்ம மொட்டைமாடியில நான் வளர்த்த மாதுளை. காலைல தண்ணி ஊத்தப் போனா, தொட்டியெல்லாம் காலியா கெடக்கு. ரிசார்ட்டுக்காரனுக்காக, கட்டின பொண்டாட்டிகிட்டயே திருடுவீங்களா?”