முதல் கண்ணி

"அழுத்தட்டுமா சார்?"

"இரும்மா, இரு. இன்னொரு தடவை யோசிச்சுக்கறேன்."

"காலையிலேர்ந்து இது நாலாவது தடவை சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனிக்கிழமை என்பதால் அலுவலகத்தில் மூன்றே பேர். அவர், கிட்னி மாற்றுக்காகக் காத்திருக்கும் நோயாளிகளோடு தினமும் போனில் பேசும் நர்ஸ், கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த டேட்டாபேஸ் இன்ஜினியர். அவளை அங்கே எல்லோரும் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பதினோரு வருஷமா இந்த டேட்டாபேஸ் வெர்ஷன் ஒரு நாள் படுத்ததில்லை. இப்ப எதுக்கும்மா அதுல கை வைக்கணும்?"

"ஓடுது சார். நொண்டி நொண்டி ஓடுது."

அவள் சொன்னது உண்மைதான். பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். ஒவ்வொருவர் வீட்டிலும் கிட்னி கொடுக்க ஒருவர் தயார். ஆனால் பொருந்தவில்லை. இந்த வீட்டு ஆள் அந்த நோயாளிக்கும், அந்த வீட்டு ஆள் இந்த நோயாளிக்கும் கொடுத்தால் இரண்டு உயிரும் பிழைக்கும். பழைய வெர்ஷனில் அப்படி இரண்டு வீடுகளைத்தான் சேர்த்துப் பார்க்க முடிந்தது. மூன்றாவது வீட்டைச் சேர்த்தால் மெஷின் திணறி நின்றுவிடும். புதிய வெர்ஷனுக்கு மாறினால் எத்தனை வீடுகளையும் சங்கிலியாகக் கோத்துப் பார்க்கலாம் என்று பட்டாசு ஆறு மாதமாக நச்சரித்துக் கொண்டிருந்தாள்.

"பாதியில ஏதாவது ஆச்சுன்னா நானூறு பேர் விவரமும் போயிடுமே?"

"மூணு காப்பி எடுத்து வச்சிருக்கேன் சார். ஒண்ணு உங்க பீரோவுலயே இருக்கு. சாவி உங்க பாக்கெட்ல."

இயக்குநர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லு. உன் சொந்தக்காரங்க யாராவது இந்த லிஸ்ட்ல இருக்காங்களா? இப்படிப் பறக்கறியே."

"யாருமே இல்ல சார். எங்க வீட்டுல எல்லாருக்கும் கிட்னி கல்லு மாதிரி இருக்கு."

"கிட்னி விஷயத்துல அந்த வார்த்தை மட்டும் சொல்லாதே," என்றாள் நர்ஸ்.

இயக்குநருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அழுத்து."

பட்டாசு அழுத்தினாள். திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. முப்பது சதவீதம், நாற்பது, அறுபது. எழுபத்தொன்றில் நின்றது. கீழே சிவப்பில் ஒரு வரி.

"போச்சு," என்று நாற்காலியில் சாய்ந்தார் இயக்குநர்.

"போகல சார். ஒரே ஒரு பிறந்த தேதியை ஏத்துக்க மாட்டேங்குது." அவள் திரையோடு ஒட்டிக்கொண்டு படித்தாள். "பிப்ரவரி முப்பது."

"பிப்ரவரி முப்பதா?"

"பழசு எதைக் கொடுத்தாலும் முழுங்கிடும். புதுசு கேள்வி கேக்குது. அக்கா, நூத்தி எழுபத்தி மூணாம் நம்பர் ஃபைல் வேணும், சீக்கிரம்."

நர்ஸ் அலமாரிக்கு ஓடினாள். நாலு ஃபைல்களைக் கீழே தள்ளி ஐந்தாவதை உருவினாள். "இருபது. பிப்ரவரி இருபது. யாரோ தூக்கக் கலக்கத்துல அடிச்சிருக்காங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு மனுஷனுக்கு ஒரு பிறந்தநாள் கிடைச்சுது," என்றபடி பட்டாசு திருத்தினாள். எண் மறுபடி ஏறியது. எண்பது, தொண்ணூறு, நூறு.

இயக்குநர் முதலில் தலைகளை எண்ணச் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

"இப்ப தேடட்டுமா சார்?"

"இதுக்கும் என்னைக் கேக்கணுமா? தேடும்மா."

பத்தொன்பது வினாடிகள். வெள்ளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள் விழுந்தன. நர்ஸ் விரல்விட்டு எண்ணினாள்.

"அஞ்சு பேர் சார். ஒரே சங்கிலியில அஞ்சு பேர். இது அந்த பஸ் டிரைவர். இது கணக்கு டீச்சர். இது..." அவள் விரல் ஒரு வரியில் நின்றது. "இந்தப் பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு சார். நாலு வருஷமா, 'ஏதாவது வந்துச்சா ஆன்ட்டி'ன்னு கேட்டுட்டே இருக்கா."

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "யாரு முதல்ல கொடுத்தா இது ஆரம்பிக்கும்?"

"கொடுக்க வந்தவங்க லிஸ்ட்ல எண்பத்தெட்டாம் நம்பர். இவங்களுக்கு நோயாளின்னு யாரும் கிடையாது. யாருக்கு வேணாலும் கொடுங்கன்னு தானா முன்வந்த ஆளு. எட்டு மாசமாக் காத்திருக்காங்க," என்றாள் நர்ஸ்.

"எட்டு மாசத்துல மனசு மாறியிருந்தா?"

அந்த ஒருவர் மாட்டேன் என்றால் ஐந்து பேருக்கும் இல்லை.

அப்படித் தானாக முன்வருகிறவர்களை யாரும் போய் நச்சரிக்கக் கூடாது என்பதற்காக, அவர்கள் பெயரை, சோதித்துப் பார்த்த மருத்துவமனை வெளியே விடாது. இங்கே இருப்பது ஒட்டிய உறை மட்டும். அதற்குள் ஒரு போன் நம்பர். பொருத்தம் கிடைத்தால்தான் பிரிக்கலாம். இயக்குநர் பிரித்து நர்ஸிடம் கொடுத்தார்.

"பயமுறுத்தாம, பக்குவமாக் கேளு," என்றார் அவர்.

அவள் மேஜை போனில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, ரிசீவரைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. அதே நேரம் கீபோர்டு பக்கத்தில் கிடந்த பட்டாசின் செல்போனும் ஒலிக்க ஆரம்பித்தது.

"அதை முதல்ல ஆஃப் பண்ணும்மா," என்றார் இயக்குநர் எரிச்சலோடு. "அஞ்சு உயிர் இந்த ஒரு போனை நம்பி இருக்கு."

பட்டாசு செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க அக்கா," என்றாள். அந்தக் குரல் அறையிலும் நர்ஸின் ரிசீவரிலும் ஒன்றாகக் கேட்டது. "நான் எப்ப வந்து அட்மிட் ஆகணும்?"