கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு

“நீ நெய்யற புடவை விலை போவலைன்னு மெட்ராஸ் ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு, துரைக்கண்ணு. நான் என்னா பண்றது?” என்றார் பட்டுக்கடை மேனேஜர் பரசுராமன்.

துரைக்கண்ணு படியிறங்கினான். மறுநாளே, கடை அவனுக்குக் கொடுத்திருந்த தறி பரசுராமனின் மச்சானுக்குப் போனது. கடையின் விற்பனை விவரங்களை மெட்ராசுக்கு அனுப்பும் குமாஸ்தா காந்தா, தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் முதலாளியே காரில் வந்து இறங்கினார்.

“நம்ம கடைங்கள்லயே காஞ்சிபுரம்தான் மோசம்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு, பரசுராமன். வேற மேனேஜர் போட்டுட்டேன். நான் என்ன பண்றது?”

அவர் உள்ளே போனதும் பரசுராமன் காந்தாவின் மேஜைக்குப் பாய்ந்தார்.

“எந்த மாசத்து வியாபாரக் கணக்கம்மா அனுப்பின?”

“ஆடி மாசத்தை மட்டும் சார்.”

“ஆடியில எவன்மா கல்யாணப் பட்டு எடுப்பான்? இரு, முதலாளிகிட்ட சொல்றேன்.”

“சொல்லுங்க சார்.” காந்தா இப்போதுதான் நிமிர்ந்தாள். “போன வருஷம் என் வூட்டுக்காரர் துரைக்கண்ணு நெய்த புடவைக்கு, என் கையில குடுக்காம நீங்களே விவரம் அனுப்பினீங்களே, அதுவும் ஆடி மாசம் மட்டுந்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

பரசுராமன் முதலாளியின் அறைப் பக்கம் போகவே இல்லை.