வலது மூலை

பெனால்டியை வலது மூலைக்கு வெளியே அடித்து இறுதி ஆட்டத்தைக் கோட்டைவிட்ட கிழட்டு மானை, மான்கள் டீம் கழற்றிவிட்டது. ஒரு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு வெள்ளாடுகளின் கேப்டன் தேடி வந்தது.

"முழங்கால் எப்படிண்ணே?"

"வலிக்குதும்மா."

"மறைக்காம சொன்னீங்க. வாங்க, எங்க டீமுக்கு."

மறுபடியும் இறுதி ஆட்டம், அதுவும் மான்களோடு. கடைசி நிமிஷத்தில் வெள்ளாடுகளுக்குப் பெனால்டி கிடைத்தது. கேப்டன் பந்தைக் கிழட்டு மானிடம் உருட்டிவிட்டது.

"நானா?"

"நீங்கதாண்ணே."

'பெருசு இனி வலது பக்கம் அடிக்கவே அடிக்காது' என்று மான்களின் கோல்கீப்பர் மறுபக்கம் பாய்ந்தது. பந்து வலது மூலைக்குள் நுழைந்தது.

ஓடிவந்து கட்டிக்கொண்ட கேப்டனிடம் கிழட்டு மான் மூச்சிரைக்கச் சொன்னது: "யாரும் கூப்பிடாத அந்த வருஷம் முழுக்க, அங்கேதாம்மா அடிச்சுப் பழகினேன்."