போர்வைக்குள் இருந்த கை

முழங்கை மட்டும் போர்வையை மீறி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. டெம்போவிலிருந்து நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு கல்லூரியின் பின்வாசல் வழியாக வந்தார்கள்.

“நிதானா குரு, நிதானா! தலை இடிக்கப் போவுது,” என்றான் ஜாய்சன்.

டாக்டர் யூனிஸ் மாடிப்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். “யாராவது பாத்தாங்களா?”

“வாட்ச்மேன் மட்டும்தான் மேடம். அவன் பாத்தும் பாக்காத ஆளு.”

லேபுக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்ட பிறகுதான் ஜாய்சன் போர்வையை உருவினான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரோபோ கை மடங்கிக் கிடந்தது.

யூனிஸ் புத்தாக்கத் துறையின் டீன். ஜாய்சன் அவளுடைய லேப் அசிஸ்டென்ட். வாசலில் ‘ரோபோ ஆய்வகம்’ என்று பித்தளைப் பலகை உண்டு, ரோபோதான் கிடையாது. இன்ஸ்பெக்ஷன் என்று தெரிந்ததும் சேர்மன் ஒரு புரோக்கரின் நம்பரைக் கொடுத்தார். இன்ஸ்பெக்ஷன் நடக்கும் கல்லூரிகளுக்கெல்லாம் மிஷின் வாடகைக்கு விடுகிறவன் அவன். யாருக்கு எதைக் கொடுத்தான் என்று வாயைத் திறக்க மாட்டான்.

“இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சா நீங்கதான் அடுத்த டைரக்டர்,” என்றிருந்தார் சேர்மன். “மாட்டிக்கிட்டா, அதை உள்ள கொண்டாந்தது நீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

ஒக்கலிபுரத்தில் ஒற்றை அறை வீட்டிலிருந்து படித்து ஏறி வந்தவள் யூனிஸ். காப்பியடித்த பையன்களைத் தயவு பார்க்காமல் பரீட்சை ஹாலைவிட்டு வெளியே அனுப்பியவள். இன்று காலையிலிருந்து எந்தப் பையனின் முகத்தையும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஜாய்சன் சுவிட்சைப் போட்டான். கை அசையவில்லை. அடியில் குனிந்து எதையோ தடவித் தடவி நெடுநேரம் தேடினான். சட்டென்று கை விறைத்து நிமிர்ந்தது.

“பின்னாடி ஒரு ஒயரு லூசு மேடம். கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கணும். எங்க மாமனார் மாதிரி, முதுகுல ஒண்ணு வச்சாத்தான் எழுந்துக்குது.”

யூனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. “வரப்போறது கோவிந்தன், ஜாய்சன்.”

ஜாய்சனின் சிரிப்பும் நின்றுபோனது. கோவிந்தன் வேறொரு கல்லூரியின் முதல்வர். இன்ஸ்பெக்ஷன் குழுவுக்குத் தலைவர். “போன தடவ ஒரு காலேஜ்ல லைப்ரரி புக்க எடுத்து மோந்து பாத்தாராமே மேடம். புதுசு வாசனை அடிச்சுதுன்னு அட்மிஷனையே நிறுத்திட்டாராம்.”

பதினொரு மணிவாக்கில் குழு வந்தது. மற்ற இரண்டு பேரும் ஏதேதோ கேட்டுக்கொண்டு வந்தார்கள். கோவிந்தன் மட்டும் வாயே திறக்கவில்லை. லேபுக்குள் நுழைந்ததும் ரோபோவின் முன்னால் நின்றுவிட்டார். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிய இடத்தில் ஒரு வெளுத்த சதுரம் இருந்தது. அதை விரலால் மெதுவாகத் தடவினார்.

“எவ்வளவு நாளா இருக்கு இது?”

“மூணு வருஷமா சார்,” என்றாள் யூனிஸ்.

“பசங்க யூஸ் பண்றாங்களா?”

“டெய்லி சார்.”

“ஓட்டிக் காட்டுங்க.”

அறையின் மறுகோடியில் ஜாய்சன் பட்டனை அழுத்தினான். கை ஒரு மரக்கட்டையைப் பற்றித் தூக்கியது. பாதி உயரத்தில் அப்படியே நின்றது. ஜாய்சன் அங்கிருந்து ஓடி வருவதற்குள் கோவிந்தன் பின்பக்கம் போய்க் குனிந்தார். அவர் விரல் எதையும் தேடவில்லை. கட்டை விரலால் ஒரு அமுக்கு. கை நிமிர்ந்து, கட்டையை அதனிடத்தில் வைத்தது.

“எக்ஸலன்ட் சார்!” என்றார் குழுவில் ஒருவர்.

கோவிந்தன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். “நீங்கெல்லாம் போய் காபி சாப்டுட்டு இருங்க. நான் மேடம்கிட்ட தனியா பேசணும்.”

ஜாய்சன் கடைசியாக வெளியே போனான். போகும்போது யூனிஸைப் பார்த்த பார்வை, ஆஸ்பத்திரியில் நோயாளியை விட்டுப் போகிறவர்கள் பார்க்கும் பார்வை. கோவிந்தனே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் பக்கம் போய், வெளியே யாரும் நிற்கவில்லையே என்று பார்த்தார்.

யூனிஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்குப் பேப்பரில் பெயர் வரும். டைரக்டர் நாற்காலி போகட்டும், டீன் நாற்காலியும் போகும். இந்த ஊரில் எந்தக் கல்லூரியும் அவளை வாசலுக்குள் விடாது. ஆனால் இன்னொரு பொய் சொல்ல உடம்பில் தெம்பில்லை. வேலை போனால் போகட்டும், இவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் மூச்சு கொஞ்சம் சீரானது.

“சார், நான் ஒண்ணு சொல்லிடறேன்,” என்று ஆரம்பித்தாள். “இந்த ரோபோ…”

கோவிந்தன் கையை உயர்த்தித் தடுத்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சாயந்திரமே புரோக்கர்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க மேடம். திங்கக்கிழமை எங்க காலேஜ்ல இன்ஸ்பெக்ஷன்.”